சத்தம் வராத கேமரா

“கண்ண மூடிக்க. மூடிட்டியா? இப்பச் சொல்லு, எது லேசா இருக்கு?”

அக்காவுக்குக் கல்யாணமான மூன்று வருடத்தில் சித்தார்த் மாமா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு முன்னால் “தண்ணி”, “சார்ஜர்”, “கதவு” என்று ஒற்றைச் சொல்லாகத்தான் என்னிடம் பேசுவார். அன்று என் இரண்டு உள்ளங்கையிலும் கைக்கொரு கேமராவை வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டும் நண்பர்களிடம் இரவல் வாங்கியவை. கண்ணை மூடியிருந்ததால் அவர் வாய் நாற்றம்தான் முதலில் தெரிந்தது. ஆறிய காபியும் வெங்காயமும் கலந்த மூச்சு. லென்ஸின் மேல் ஹா ஹா என்று ஊதித்தான் துடைப்பார். கையிலிருந்த கேமராவிலும் அந்த ஈரம் பிசுபிசுத்தது.

“வலது கைல இருக்கறது மாமா.”

“யோசிச்சுச் சொல்லு.”

“அதுதான் லேசு.”

“அம்பது கிராம்தான் வித்தியாசம். கண்டுபுடிச்சிட்டாளே!” என்று சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

“எங்கப்பா மக ஆச்சே. வாழக்கா எட போட்டு வளந்தவ,” என்றாள் பிரேமலதா அக்கா உள்ளிருந்தே.

எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இப்போது குமட்டுவது அதை நினைத்துத்தான். என்னையும் ஒருவர் கேட்டாரே என்று குளிர்ந்துபோனேன்.

பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவள் நான். டீச்சர் எழுப்பிக் கேட்டால் விடை தெரிந்தாலும் வாய் திறக்காது. வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் திருவெள்ளறை வீட்டில் அம்மாவோடு இருந்தேன். அக்கா உண்டானதும் அவளுக்கு ஒத்தாசையாக ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் தெருவில், மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு.

மாமா வீட்டுக்கடன் வாங்கித் தரும் கம்பெனியில் வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் போட்டோ எடுக்கும் குழு ஒன்றோடு ஊர் ஊராகப் போவார். அவரிடம் இருந்த பழைய கேமரா செங்கல் மாதிரி கனக்கும். கழுத்து வலிக்கிறது, பிரயாணத்துக்கு லேசாக ஒரு மிரர்லெஸ் கேமரா வேண்டும் என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. சாப்பிடும்போதும் போனில் வீடியோ ஓடும். எவனோ ஒருவன் பெட்டியைப் பிரிப்பான், மாமா சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடி பார்ப்பார். சாம்பார் விரலில் காய்ந்து வெடிக்கும். காய்ந்த கையாலேயே திரையைத் தள்ளுவார். அந்தப் போனைத் துடைப்பதும் என் வேலை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கிக் கொடுத்தார். கோடு போட்டு, எடை, விலை, பேட்டரி எத்தனை படத்துக்கு வரும், கை நடுங்கினால் தாங்குமா, மழையில் நனையலாமா, இருட்டில் எப்படி என்று பத்துக் கட்டம். பதினான்கு கேமரா எழுதினேன். எடை மட்டும் அவருக்குத் திருப்தியாகவில்லை. கம்பெனிக்காரன் சொல்வதை நம்ப முடியாதாம். இரவல் கேமரா இரண்டையும் எடுத்துக்கொண்டு காந்தி மார்க்கெட்டில் அப்பாவின் வாழைக்காய்க் கடைக்கே போய்விட்டார். நானும் நோட்டோடு போனேன்.

“என்ன மாப்ள, கேமராவயும் கிலோக் கணக்குல விக்க ஆரம்பிச்சிட்டாங்களா?” என்றார் அப்பா.

“இல்ல மாமா, பாடி மட்டும் எவ்ளோ, லென்ஸோட எவ்ளோன்னு பாக்கணும்.”

“அதான பாத்தேன். எலும்போடயா தனிக்கறியான்னு கேட்டுத்தான வாங்கணும்!”

சுற்றிலும் எல்லோரும் சிரித்தார்கள். அப்பா தோள் துண்டால் தராசுத் தட்டைத் துடைத்து, பூஜை சாமானை வைப்பதுபோல ஒவ்வொன்றாக வைத்தார். எடையை உரக்கச் சொன்னார். நான் எழுதினேன். அப்பா எவ்வளவு துடைத்தும் தட்டில் வாழைக்காய்ப் பால் கறை இருக்கத்தான் செய்யும். ஒரு கேமராவின் அடியில் பொட்டளவு ஒட்டிவிட்டது. மாமா முகத்தை ஏதோ மிதித்தவர்போலச் சுளித்தார். டிஷ்யூத் தாளை ஒவ்வொன்றாக உருவி, அப்பா எதிரிலேயே துடைத்து, அப்பா காலடியிலேயே போட்டார். அப்பா குனிந்து அவற்றைப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அப்பாவின் பெயர் காத்தமுத்து. மார்க்கெட்டில் முப்பது வருடம் கடை வைத்திருந்தவர். அவர் குனிந்ததை நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கையில் நோட்டோடு.

கடைசியில் மெயின்கார்டு கேட் பக்கத்தில் ஒரு கடையில் இரண்டு மாடல் மிஞ்சின. விற்பனை பார்த்தவர் இன்னாசிராஜ் என்பவர். சலிக்காமல் பேசினார்.

“பழைய கேமராக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கும் சார். ஒவ்வொரு படத்துக்கும் அது எந்திரிச்சு உக்காரும். அந்தச் சடக்குச் சத்தம் அதான். இதுல கண்ணாடியே கெடையாது. அதான் எடை கம்மி. இது ரெண்டுல இந்தச் சின்னது முந்நூத்திச் சொச்சம் கிராம், ஆனா லேசா சத்தம் வரும். இது கொஞ்சம் கூட எடை. சத்தத்த சுத்தமா நிறுத்திக்கலாம். இருட்டுலயும் அடிச்சுத் தூக்கும்.”

மாமா இரண்டையும் மாற்றி மாற்றித் தூக்கினார். சட்டைப் பையில் திணித்துப் பார்த்தார். ஒரு மணி நேரம் ஆனது. பின்னால் நின்றவர்கள் இரண்டு பேர் போய்விட்டார்கள். திடீரென்று என்னைப் பார்த்து, “நீ சொல்லு மலரு, எது?” என்றார்.

கடையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. எனக்குக் கேமராவில் பிடிக்காதது அந்தச் சடக்குச் சத்தம் ஒன்றுதான். கல்யாண வீட்டில் அது கேட்டாலே என் முகம் இறுகிவிடும்.

“சத்தம் இல்லாதது நல்லாருக்கு மாமா. சத்தம் கேட்டா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.”

“பாப்பா கரெக்டாச் சொல்லுது சார்,” என்றார் இன்னாசிராஜ். “எடுத்தது யாருக்கும் தெரியாது. மூஞ்சி இயற்கையா வரும்.”

அதையே வாங்கினார். வழியெல்லாம் “மலரு செலக்‌ஷன்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஆட்டோவில் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த மாதம் குழுவோடு பச்சைமலைக்குப் போய்விட்டு வந்தார். படங்களை டிவியில் போட்டு எங்களுக்குக் காட்டினார். மரவள்ளிக் கிழங்கு உரிக்கும் ஒரு வயதான அம்மாவின் முகம் திரை முழுக்க வந்தது. கண் ஓரத்தில் பீளை. அதில் ஓர் ஈ.

“டெக்ஸ்ச்சர் பாரு. ஈ கால் கூடத் தெரியுது பாரு,” என்றார்.

“அவங்க பேரு என்ன மாமா?”

“யாரு பேரு?”

“இந்த அம்மா பேரு.”

“சப்ஜெக்ட் பேரெல்லாம் யாரு கேட்டா?” என்று சிரித்தார். “போட்டோவ எப்ப சாமி குடுப்பன்னு கேட்டுச்சு. அனுப்புறேன்னேன். அட்ரஸ் இல்லாத எடத்துக்கு எங்க அனுப்புறது?”

அடுத்த படத்தில் மூன்று குழந்தைகள் ஒரே திசையில் பார்த்தபடி நின்றன. அந்தப் பார்வை வரவைக்க பிஸ்கட் பாக்கெட்டை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டே எடுத்தாராம். “குடுத்துட்டா அந்த ஏக்கம் போயிரும்ல.” அதை ஒரு வித்தைபோலச் சொன்னார். அக்கா, “பாவம், அப்புறமாச்சும் குடுத்தீங்களா?” என்றாள். அவர் அதற்குள் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். டிவியை அணைத்த பிறகும் அந்த ஈ என் கண் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு நாள் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

அக்காவுக்கு ஏழாவது மாதம் நடக்கும்போது அப்பா செத்துப்போனார். கடையில் வாழைத்தார் இறக்கிக்கொண்டிருந்தவர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எழவில்லை. திருவெள்ளறையில் வீட்டு வாசல் நிறைய ஜனம். சாவு வீட்டில் யாரும் ‘போயிட்டு வரேன்’ என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அழுதார்கள், பிறகு எழுந்து யார் முகத்தையும் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள். அதுதான் முறை என்று தெரிந்தும், ஒவ்வொருவராக அப்படி எழுந்து போகப் போக வீடு பயமாக இருந்தது.

பதினாறாம் நாள் விடியும் முன் கொள்ளிடக் கரைக்குப் போனோம். தாலியை இறக்கும் சடங்கை எங்களில் யாரும் பார்க்கக் கூடாது. புருஷனை இழந்த பெண்கள் மட்டும் சுற்றி நின்று சேலைகளைத் திரையாகப் பிடிப்பார்கள். மற்றப் பெண்கள் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். ஆண்கள் மேட்டில் வேன் பக்கம் நிற்பார்கள். மாசமாக இருப்பதால் அக்கா வீட்டிலேயே இருந்தாள். மாசமாக இருப்பவளின் புருஷனும் கிட்டே வரக் கூடாது என்று மாமாவைக் காருக்குள்ளேயே உட்காரச் சொல்லியிருந்தார்கள்.

நானும் ஆற்றைப் பார்த்துத்தான் நின்றிருக்க வேண்டும். அம்மா என் மணிக்கட்டை விடவில்லை.

“கன்னிப் பொண்ணு இங்க நிக்கக் கூடாது சந்திரா. கைய விடு,” என்றாள் அமிர்தம் அத்தை. அப்பாவின் அக்கா. எல்லாவற்றையும் அவள்தான் நடத்தினாள்.

அம்மாவின் பிடி இறுகியது.

“சரி, நின்னு தொல. கோடிச் சேலைய வச்சுக்க. நான் கேக்கும்போது நீட்டு. அதுவரைக்கும் கண்ண மூடிக்க. தொறந்தேன்னு தெரிஞ்சுது, அப்பறம் இருக்கு உனக்கு.”

கண்ணை மூடிக்கொண்டேன். நான் திரைக்கு வெளியே நின்றேன். என் கை மட்டும் உள்ளே அம்மாவிடம் இருந்தது. அதனால் இரண்டு சேலைக்கும் நடுவே ஒரு சாண் சந்து விழுந்திருந்தது. தண்ணீர்ச் சத்தம் கேட்டது. நாணலில் காற்று. அம்மா அழவில்லை. மூச்சு ஒரு தடவை தொண்டையில் சிக்கி விடுபட்டது. வேறு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஒரு சின்னச் சடக்கு கேட்டிருந்தால்கூடத் திரும்பியிருப்பேன். நான் மட்டுமல்ல, கரையில் நின்ற அத்தனை பேரும் திரும்பியிருப்பார்கள்.

ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிய மறுவாரம் மாமா கேமராவின் பேட்டரியைச் சார்ஜ் போடச் சொன்னார். சார்ஜ் ஏறிவிட்டதா என்று கேமராவில் போட்டுப் பார்த்தேன். கடைசியாக எடுத்த படம் திரையில் வந்தது.

மஞ்சள் கயிறு இழுபட்டு நிற்கிறது. அதைப் பற்றிய அத்தையின் விரல்கள். அம்மாவின் வாய் திறந்திருக்கிறது. கழுத்தில் ஈர மஞ்சள். அம்மாவை அப்படி நான் பார்த்ததில்லை. பார்க்கக் கூடாது என்றுதான் கண்ணை மூடினேன். படத்தின் கீழ் மூலையில் மங்கலாக ஒரு கறுப்புத் திட்டு. முதலில் மரம் என்று நினைத்தேன். பெரிதாக்கினேன். அதில் ஒரு நீலக் கிளிப் இருந்தது. என் தலைக் கிளிப்.

எனக்குப் பின்னால், என் தோளை ஒட்டி, மாமா நின்றிருக்கிறார். என் கையால் விழுந்த சந்து வழியாக எடுத்திருக்கிறார். அந்த மூச்சு என் பிடரியில் பட்டிருக்க வேண்டும். காற்று என்று நினைத்திருப்பேன். பாத்ரூமுக்கு ஓடினேன். பிடரியைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். தோல் எரிகிற வரைக்கும் தேய்த்தேன்.

சாயந்திரம் அவர் வந்ததும் கேமராவை நீட்டினேன்.

“மாமா, இத அழிச்சிருங்க.”

“எத? ஓ, பாத்துட்டியா? எப்படி இருக்கு?”

“அழிச்சிருங்க மாமா.”

“லூசா நீ? அந்த இருட்டுல எடுத்தது. ஒரு புள்ளி கலங்கல. பழைய கேமரான்னா கரிச்சட்டி மாதிரி வந்திருக்கும்.” ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். “நீதான சத்தமில்லாதத வாங்கச் சொன்ன? ஒனக்குத்தான் தேங்க்ஸ் சொல்லணும்.”

“அத யாரும் பாக்கக் கூடாது.”

“அதான் விஷயமே. யாரும் பாக்காதத காட்டுறதுதான் போட்டோ.”

ஷூவிலிருந்து வந்த நாற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். இன்னும் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் வராதது இங்கேயும் வரவில்லை.

அக்காவிடம் சொன்னேன். கேமராவை எடுக்கப் போனேன்.

“காட்டாத! எனக்குக் காட்டாத,” என்று கண்ணைப் பொத்திக்கொண்டாள். “மாசமா இருக்கறவ அதப் பாக்கக் கூடாதுடி.”

“ஒம் புருஷன் பாத்தாரே.”

“அவரு கெட்ட எண்ணத்துல எடுக்கல. அம்மாகிட்ட மட்டும் சொல்லிறாத. அப்பாவும் இல்ல. எனக்கு இந்த நேரத்துல சண்ட வேணாம் மலரு.”

அன்றைக்கே படத்தை அழித்தேன். அழிக்கவா என்று கேமரா கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். மறுநாள் மாமா கோபப்படக்கூட இல்லை. “கார்டுலதான அழிச்ச? லேப்டாப்ல இருக்கு. ஹார்ட் டிஸ்க்ல இருக்கு. போட்டிக்கும் அனுப்பியாச்சு,” என்று சிரித்துக்கொண்டே தோசைக்குச் சட்னி கேட்டார். ஊற்றினேன். கை ஊற்றியது.

அவர்கள் குழுவின் போட்டியில் அதற்கு முதல் பரிசு. படத்துக்கு ‘சைலன்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார். வாட்ஸப்பில் அவர் நண்பர்கள் அம்மாவின் முகத்துக்குக் கீழே வரிசையாக நெருப்புப் படம் போட்டிருந்தார்கள். ஒருவர், ‘எந்த லென்ஸ் ப்ரோ?’ என்று கேட்டிருந்தார். தில்லைநகரில் ஒரு ஹாலில் மூன்று நாள் மாட்டிவைத்தார்கள். அம்மா வெளியே எங்கும் போகாத காலம் என்பதால் தப்பித்தது. முடிந்ததும் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் பழுப்புத்தாள் சுற்றி வீட்டுக்கு வந்தது. கதவு அகலத்தில் பாதி இருந்தது. அதை பீரோவுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்க்கும்படி தள்ளிவைத்தேன். அம்மா கண்ணில் அது படாமல் போனால் போதும். வேறு எதுவும் எனக்கு அப்போது வேண்டியிருக்கவில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். துக்கம் விழுந்த வீடு என்று இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. முப்பதாம் நாள் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பஸ் ஏறி வந்தாள். பையில் பூண்டும் கருப்பட்டியும் முருங்கைக் கீரையும் இருந்தன. அப்பா போன பிறகு அவள் முகத்தில் சிரிப்பை அன்றுதான் பார்த்தேன். குழந்தையை மடியில் போட்டு, “அப்பா மூக்கு. அச்சு அசல் ஒங்கப்பா மூக்குடி,” என்று தடவிக்கொண்டே இருந்தாள். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா கேமராவை எடுத்துக்கொண்டு வந்து அவர்களைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். சத்தமே இல்லை.

“அத்த, ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்,” என்றார்.

“மாமா, வேணாம்,” என்றேன்.

“ஒங்க போட்டோவுக்குத்தான் முதல் பரிசு அத்த. ஒங்க மொகத்த ஆயிரம் பேரு பாத்திருக்காங்க.”

“எம் போட்டோவா?” என்றாள் அம்மா வெட்கத்தோடு. “என்னைய எப்ப மாப்ள எடுத்தீங்க?”

அவர் பீரோவுக்குப் பின்னால் கைவிட்டு இழுத்தார். பழுப்புத்தாளைக் கிழித்தார். அக்கா எழுந்து படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொடியில் குழந்தையின் துணி காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் பழைய சேலையைக் கிழித்துத் தைத்தது. அதை உருவி இரண்டு கையாலும் படத்தின் முன்னால் விரித்துப் பிடித்தேன்.

“என்னடி பண்ற? தள்ளு,” என்றார் மாமா.

“பாக்காதம்மா. கண்ண மூடிக்க. அம்மா, கண்ண மூடிக்க.”

என் வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை. மாமா என் கையைப் பிடித்து விலக்கவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை. குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எழுந்து வந்து, அம்மாவே துணியை விலக்கினாள்.

பார்த்தாள். கயிற்றைப் பார்த்தாள். தன் வாயைப் பார்த்தாள். பிறகு கீழ் மூலைக்குக் குனிந்து, அந்த நீலக் கிளிப்பை வெகு நேரம் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் தலையில் அதே கிளிப் இருந்தது.

“நான் கண்ண மூடித்தாம்மா இருந்தேன்,” என்றேன்.

“ப்ரேம் மட்டும் நாலாயிரம் அத்த. பத்திரமா மாட்டலாம்,” என்றார் மாமா.

அம்மா குழந்தையை என் கையில் கொடுத்தாள். காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். படுக்கையறைக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைத் தேடிப் போட்டாள். எந்த வீட்டுக்குப் போனாலும், பக்கத்து வீடாக இருந்தாலும், நாலு தடவை ‘போயிட்டு வரேன்’ சொல்லிவிட்டுப் புறப்படுகிறவள், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.